துருக்கிய மொழியில் எளிய வினாக்களைக் கேட்பது எப்படி?

வினா

வேலை நிமித்தமாகச் சில மாதங்கள் இஸ்தான்புல்லில் தங்க வேண்டியிருப்பதால் துருக்கிய மொழியைக் கற்கத் தொடங்கியிருக்கிறேன். வழி கேட்பது, விலை கேட்பது, கடை திறந்திருக்கிறதா என்று விசாரிப்பது ஆகிய அளவுக்குப் பேச முடிந்தால் போதும். ஆங்கில வழிப் பாடநூல் ஒன்றில் ‘மி’ என்ற வினாச்சொல்லைப் பற்றிப் பக்கம் பக்கமாக விதிகள் உள்ளன. அதற்கு நான்கு வடிவங்கள் உண்டு என்றும், வாக்கியத்தில் அது இடம் மாறி வரும் என்றும் படித்தபின் குழப்பம்தான் மிஞ்சியது. இதை எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி 1

ஆங்கிலத்தின் வழியாகப் படிப்பதால்தான் இது கடினமாகத் தோன்றுகிறது. தமிழையும் துருக்கிய மொழியையும் பிணைக்கும் குடும்ப உறவு எதுவும் இல்லை. ஆயினும் இரண்டும் ஒட்டுநிலை மொழிகள் (சொல்லோடு உருபுகளையும் விகுதிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிப் பொருள் தருபவை), இரண்டிலும் வினைச்சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. ஆகவே நம்முடைய ‘ஆ’ என்னும் வினா விகுதி செய்யும் வேலையை அங்கே ‘மி’ செய்கிறது என்று கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ‘துன் கெல்தி மி?’ என்றால் ‘நேற்று வந்தாரா?’ என்று பொருள்; ‘துன் மு கெல்தி?’ என்றால் ‘நேற்றா வந்தார்?’ என்று பொருள். எந்தச் சொல்லின்மேல் ஐயமோ அதன் பின்னால் வினாச்சொல் போய் நிற்கிறது. ஆங்கிலேயருக்கு விளக்கப் பல பத்திகள் தேவைப்படும் இந்த நுட்பம் நம் பேச்சில் ஏற்கெனவே இருக்கிறது.

அதேபோல் ‘யார்’, ‘எங்கே’ முதலிய சொற்கள் வரும் வாக்கியத்தில் நாம் ‘ஆ’ சேர்ப்பதில்லை. அவர்களும் அங்கே ‘மி’ சேர்ப்பதில்லை. ‘கிம் கெல்தி?’ என்பது ‘யார் வந்தார்?’ என்பதற்கு நேர். ‘எங்கே’ என்பதற்கு ‘நெரெதெ’, ‘எங்கு நோக்கி’ என்பதற்கு ‘நெரெயெ’, ‘எங்கிருந்து’ என்பதற்கு ‘நெரெதென்’ என உருபுகள் ஒட்டிக்கொண்டே மாறுவதால், ஒன்றைக் கற்றால் மற்ற இரண்டும் தாமாக வந்துவிடும். ‘தண்ணீர் இருக்கிறதா?’ என்பதற்கு ‘ஸு வர் மு?’ என்பார்கள், இருந்தால் ‘வர்’, இல்லாவிட்டால் ‘யொக்’ என்ற ஒற்றைச் சொல்லே விடையாக வரும்.

வேறுபடும் இடம் ஒன்று உண்டு. இறந்தகாலத்தில் ‘கெல்தினிஸ் மி?’ என்று, ‘வந்தீர்களா?’ என்பதைப் போலவே, முன்னிலை விகுதிக்குப் பிறகு வினாச்சொல் வருகிறது. நிகழ்காலத்திலோ ‘கெலியொர் முசுனுஸ்?’ என்று அந்த விகுதி வினைச்சொல்லை விட்டு நீங்கி வினாச்சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. இதை மட்டும் சொல்லிச் சொல்லிப் பழக வேண்டும்.

மறுமொழி 2

மேலே உள்ள வினாக்களைத் தமிழ் எழுத்தில் படிக்கும்போது ‘மி’, ‘மு’ என்று இரண்டு வடிவங்கள் மட்டுமே இருப்பதாகத் தோன்றும். ‘மு’ என்று எழுதப்படுவதில் மூன்று ஒலிகள் மறைந்திருக்கின்றன. முந்தைய சொல்லின் கடைசி உயிரொலியே எது வரும் என்பதைத் தீர்மானிக்கிறது. ‘கியூஸெல்’ (அழகானது) என்பதில் கடைசி ஒலி ‘எ’ ஆகையால் ‘மி’ வரும். ‘யொர்குன்’ (களைத்தவர்) என்பதை அடுத்து, இதழ் குவித்துச் சொல்லும் சாதாரண ‘மு’ வரும். ‘அச்சுக்’ (திறந்திருப்பது) என்பதை அடுத்து வருவது, ‘அது’, ‘பந்து’ ஆகிய சொற்களின் ஈற்றில் நாம் இதழ் குவிக்காமல் ஒலிக்கும் குற்றியலுகரத்தை ஒத்தது. துருக்கி 1928-இல் லத்தீன் எழுத்துக்கு மாறியபோது இவ்வொலிக்காகத்தான் புள்ளியில்லாத ‘ஐ’ எழுத்தை வைத்துக்கொண்டது. நான்காவது மட்டும் நமக்குப் புதிது: நாக்கை ‘இ’ சொல்லும் நிலையில் வைத்து, இதழை ‘உ’ சொல்வதுபோல் குவிக்க வேண்டும். ‘துன்’ என்பதன் உயிரொலியும் அதுவே. வடிவத்தைத் தவறாகச் சொன்னாலும் கேட்பவருக்குப் பொருள் விளங்கிவிடும் என்பதால் இதற்காக அஞ்சி வாய் மூடியிருக்கத் தேவையில்லை.

வினவியவர்

இருவருக்கும் நன்றி. ‘நெரெதெ?’ என்று கேட்கப் பழகிவிட்டேன். ஆனால் பயிற்சி ஒலிப்பதிவுகளில் அதற்கு வரும் நீண்ட விடை ஒன்றும் புரிவதில்லை. இதற்கு என்ன செய்வது?

மறுமொழி 3

விடை சுருக்கமாக வரும்படி வினாவை அமையுங்கள். இடத்தைக் கேட்டபின் ‘ஸாதா மு, ஸொல்தா மு?’ (வலப்பக்கமா, இடப்பக்கமா?) என்று உடனே தொடர்ந்தால் பெரும்பாலும் ஒரு சொல்லில் விடை கிடைக்கும். பேருந்தில் ஏறுமுன் ‘பு ஒதொபுஸ் தக்சிமெ கிதெர் மி?’ (இந்தப் பேருந்து தக்சிம் சதுக்கத்துக்குப் போகுமா?) என்று கேட்டால் ஆம், இல்லை என்ற அளவில் முடிந்துவிடும். ‘பு’ என்பதைப் ‘பஸ்’ என்னும்போது எழும் ஒலியோடு தொடங்க வேண்டும். விலைக்குப் ‘பு நெ கதர்?’ போதும், எண்கள் காதில் பிடிபடாத வரை கைப்பேசியில் தட்டிக் காட்டச் சொல்வதே நல்லது.

ஒருவர் வாய் திறவாமல் புருவத்தை உயர்த்தித் தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்தாலும், நாக்கால் ‘ச்’ என்று ஒலி எழுப்பினாலும் அது ‘இல்லை’ என்பதே. சலிப்பு என்று கருத வேண்டாம். உணவகத்தில் பரிமாறுபவரை அழைக்கப் ‘பக்கர் முசுனுஸ்?’ என்பார்கள். ‘பார்க்கிறீர்களா?’ என்ற இந்த வினாவே அங்கே மரியாதையான விளி. அறிமுகமில்லாதவர்களிடம் ‘ஸென்’ (நீ) வேண்டாம், ‘ஸிஸ்’ (நீங்கள்) என்றே பேசுங்கள். சொன்னது காதில் விழாதபோது ‘நெ?’ (என்ன?) என்று வெடுக்கெனக் கேட்பதைவிட ‘எஃபெந்திம்?’ என்பதே நயமானது.