சேலத்தில் உயிரியலுக்குத் தனி ஆசிரியர் தேடியவர்களின் அனுபவப் பகிர்வு

அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு தாய்

என் மகள் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன் படிக்கிறாள். இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் ஆகியவை அடங்கிய பிரிவு. கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் டியூஷன் வேண்டுமென்றால் ஐந்து ரோட்டிலிருந்து ஃபேர்லேண்ட்ஸ் வரை சுவருக்குச் சுவர் பலகை தொங்குகிறது. உயிரியலுக்கு என்று கேட்டால் மட்டும், அதை எதற்குத் தனியாகப் படிக்க வேண்டும், மனப்பாடம் செய்தால் வந்துவிடுமே என்ற பதில்தான் பல இடங்களில் கிடைத்தது. ஓரிடத்தில் வேதியியல் நடத்துபவரே உயிரியலையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார் என்றார்கள். சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு அது சிறிய பாடமா என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

கடைசியில் வழி காட்டியவர், பாடநூல்களும் கைடுகளும் விற்கும் கடைக்காரர் ஒருவர்தான். எந்த ஆசிரியர் எந்த வகுப்புக்கு எத்தனை புத்தகம் வாங்கிப் போகிறார் என்பது அவர்களுக்கு அத்துப்படி. அவர் சொன்ன ஆசிரியை தாவரவியலில் முதுகலை முடித்தவர். வீட்டுக்கே வந்து மாதிரி வகுப்பு எடுக்கச் சம்மதித்தார். ஒருவித்திலைத் தண்டுக்கும் இருவித்திலைத் தண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் வெற்றுத்தாளில் வரைந்து காட்டிய விதம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. சோளத் தண்டில் நீரையும் உணவையும் கடத்தும் வாஸ்குலார் கற்றைகள் சிதறிக் கிடப்பதையும், சூரியகாந்தித் தண்டில் அவை வளையமாக அமைந்திருப்பதையும் வரைந்துவிட்டு, வளையத்தில் புதிய செல்களை உருவாக்கும் கேம்பியம் இருப்பதால்தான் ஒன்று பருக்கிறது, மற்றது பருப்பதில்லை என்று காரணத்தோடு முடித்தார். அதே ஆசிரியையிடம் என் மகள் சிறுநீரகத்தில் உள்ள நெஃப்ரானைப் பற்றிக் கேட்டபோது, அவர் கைடைத் திறந்து வாசிக்கத் தொடங்கினார்.

அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நம் பாடத்திட்டத்தில் உயிரியல் என்பது உயிரி தாவரவியல், உயிரி விலங்கியல் என்று இரண்டு புத்தகங்கள். பிளஸ் டூ எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்ணில் ஆளுக்கு 35. கல்லூரியில் ஐந்து ஆண்டுகள் ஒரு பக்கத்தையே படித்தவரிடம் மறுபக்கத்தையும் அதே ஆழத்தில் எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் பெற்றோர் எவரும் இதைக் கேட்பதில்லை, ஆசிரியர்களும் தாமாகச் சொல்வதில்லை. நான் அவரிடம் நேராகவே பேசித் தாவரவியலுக்கு மட்டும் அவரை வைத்துக்கொண்டேன். விலங்கியலுக்கு அவரே தம் தோழி ஒருவரைப் பரிந்துரைத்தார். இருவரும் வாரத்தில் ஒவ்வொரு நாள் வருகிறார்கள். ஒருவரையே இரண்டு நாள் வரச்சொல்வதைவிடச் செலவு கூடுதலாகவில்லை.

மற்றவர்கள் இந்த இரண்டு பக்கச் சிக்கலை எப்படிச் சமாளித்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

ஏற்காட்டிலிருந்து ஒரு தந்தை

அம்மா, உங்களுக்கு இரண்டு ஆசிரியர்கள் கிடைத்திருக்கிறார்கள். மலைமேல் இருக்கும் எங்களுக்கு ஒருவர் கிடைப்பதே பெரும்பாடு. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஒரு மணி நேரப் பாடத்துக்காக மேலே ஏறிவந்து, மாலைப் பேருந்துக்குள் இறங்கிப்போக எந்த ஆசிரியரும் முன்வரவில்லை. வருவதாகச் சொன்ன ஒருவர் கேட்ட தொகை, நான் காபித் தோட்டத்தில் கணக்கெழுதி வாங்கும் சம்பளத்தோடு பொருந்தவில்லை. இணையவழி வகுப்பில் சேர்த்துப் பார்த்தோம். மழைக்காலத்தில் மின்சாரமும் சிக்னலும் போட்டி போட்டுக்கொண்டு போய்விடுவதால், பாடத்தின் பாதி எங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை.

என் மகன் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பிளஸ் டூ படிக்கிறான். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதான் என்பதால் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கென 2020ஆம் ஆண்டு வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கு அவன் தகுதியுடையவன்; அதனால் நீட் தேர்வையும் மனத்தில் வைத்தே தேடினோம். அடிவாரத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருப்பதாகப் பள்ளித் தோழன் மூலம் தெரிந்து, சனி, ஞாயிறுகளில் காலைப் பேருந்தில் மகனை அனுப்பிவைக்கிறேன்.

அந்த ஐயா முதல் நாளே புத்தகத்தைத் திறக்கவில்லை. மலையிலிருந்து வருகிறவன் வெறுங்கையோடு வரலாமா என்று கேட்டு, அடுத்த முறை ஒரு காபிக் கிளையும் ஒரு மிளகுக்கொடியும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். காபிக் கிளையில் இலைகள் எதிரெதிராக இணை இணையாக இருப்பதைக் காட்டி, அந்த இரண்டு இலைக்காம்புகளுக்கும் நடுவில் தண்டோடு ஒட்டி முக்கோணமாக நிற்கும் சிறு செதிலை நகத்தால் தொட்டுப் பார்க்கச் சொன்னாராம். பாடநூலில் இட்லிப்பூச் செடியை வைத்துச் சொல்லியிருக்கும் இலையடிச் செதில் அதுதான். இரண்டும் ஒரே குடும்பம் என்று அங்கேயே விளக்கியிருக்கிறார். மிளகுக்கொடியின் கணுக்களிலிருந்து மரத்தைப் பற்றிக்கொள்ளும் பற்றுவேர்களையும் அப்படியே. காபிச் செடிகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவன், அந்தச் செதிலை அன்றுதான் பார்த்ததாக வந்து சொன்னான். பிறகு ஒரு நாள் அவன் தானாகவே, ஏற்காட்டில் உள்ள இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தின் தோட்டத்துக்குப் போய்க் குடுவைத் தாவரத்தைப் பார்த்துவிட்டு வந்து, குடுவையாக மாறியிருப்பது இலையின் எந்தப் பகுதி என்று என்னிடம் கேட்டான். எனக்கா தெரியும்?

இன்னொன்றும் அவரிடம் எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு கலைச்சொல்லையும் தமிழில் சொல்லிவிட்டு ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் எழுதவைக்கிறார். நீட் வினாத்தாள் தமிழில் கிடைத்தாலும், மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பதால், குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பகுப்பைக் குன்றல் பகுப்பு என்று படித்தவன் மியாசிஸ் என்று பார்த்தாலும் திகைக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஆள் தேடுபவர்கள் இதை முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. நான் விசாரித்தவர்களில் பலர் தமிழ்வழி என்றதும் கையை விரித்துவிட்டார்கள்.

அம்மாபேட்டை, பத்தாம் வகுப்பு மாணவனின் அண்ணன்

எங்கள் தெருவில் மொட்டைமாடியில் எல்லாப் பாடமும் நடத்தும் அக்கா ஒருவர் இருக்கிறார், இயற்பியல் பட்டதாரி. தறிச் சத்தத்துக்கு நடுவே ஓம் விதிக் கணக்கை அவர் போடவைக்கும் அழகுக்காகவே தம்பியை அனுப்புகிறோம். உயிரியல் பகுதிக்கு வந்தால் வினா விடைகளைச் சொல்லி எழுதவைப்பதோடு சரி. பத்தாம் வகுப்பு வரை அறிவியல் ஒரே தாளாக 75 மதிப்பெண்ணுக்கு வருவதால் பெரிய பாதிப்பு இல்லை. படம் வரைந்து பாகம் குறிக்கும் வினாக்களை மட்டும் நான் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன். பிளஸ் ஒன் போகும்போது வேறு ஆளைப் பார்க்க வேண்டும்.

விலங்கியல் முதுகலைப் பட்டதாரி, வீட்டு ஆசிரியை, அழகாபுரம்

பெற்றோர் தரப்பையே படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் தரப்பிலிருந்தும் சிலவற்றைச் சொல்ல அனுமதியுங்கள்.

என்னை அழைக்கும் வீடுகளில் பெரும்பாலும் கேட்கப்படும் முதல் கேள்வி, நீட்டில் எத்தனை மதிப்பெண் உறுதியளிப்பீர்கள் என்பதுதான். 720இல் சரிபாதியான 360 உயிரியலுக்கு என்பதால் அந்தப் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் உறுதியளிப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்பதைத் தவிர நான் வேறு பதில் சொல்வதில்லை. இரண்டாவதாக வரும் வேண்டுகோள் இன்னும் விசித்திரமானது: ரெக்கார்டு நோட்டில் படங்களை நானே வரைந்து கொடுக்க வேண்டுமாம். ஒரு வீட்டில் அதற்குத் தனியாகப் பணம் தருவதாகவும் சொன்னார்கள். செய்முறைத் தேர்வில் நுண்ணோக்கிக்கு முன்னால் நிற்கப்போவது உங்கள் பெண்தானே அம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வீட்டிலிருந்து மறுபடி அழைப்பு வரவில்லை.

மாறாக, ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த மாணவன் கழிவுநீக்கப் பாடத்தை வரி பிசகாமல் ஒப்பிப்பான். வெற்றுத்தாளைக் கொடுத்து, நெஃப்ரானில் உள்ள ஹென்லே வளைவை வரைந்து, எந்தப் புயத்தில் நீர் வெளியேறுகிறது, எதில் உப்பு வெளியேறுகிறது என்று அம்புக்குறி இடச் சொன்னேன். இரண்டு புயத்திலும் இரண்டையும் இட்டான். விடையைச் சொல்லாமல், பாலைவனத்தில் வாழும் கங்காரு எலிக்கு இந்த வளைவு மிக நீளமாக இருக்கிறதே, அதனால் அதற்கு என்ன ஆதாயம் என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். நெடுநேரம் யோசித்தபின், சிறுநீர் அடர்த்தியாகும், நீர் மிச்சமாகும் என்று சொன்னவன், நான் கேட்காமலேயே தாளை இழுத்து, கீழிறங்கு புயத்தில் நீருக்கு ஓர் அம்பும் மேலேறு புயத்தில் உப்புக்கு ஓர் அம்புமாகத் திருத்தினான். மாதிரி வகுப்பில் பெற்றோர் கவனிக்க வேண்டியது ஆசிரியர் எவ்வளவு நன்றாகப் பேசுகிறார் என்பதை அல்ல, பென்சில் யார் கையில் இருக்கிறது என்பதைத்தான். (கூடத்தில் கதவைத் திறந்து வைத்துப் பாடம் நடத்துவதை நான் முதல் நாளே கேட்டுக்கொள்வேன், இரு தரப்புக்கும் நிம்மதி.)

அஸ்தம்பட்டி அம்மா கேட்ட இரண்டு பக்கச் சிக்கலில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. செல் பகுப்பு பிளஸ் ஒன் தாவரவியல் புத்தகத்தில் வருகிறது. மெண்டலின் பட்டாணி பிளஸ் டூ தாவரவியலில். மனித மரபியலும் டி.என்.ஏ. இரட்டிப்பாதலும் பிளஸ் டூ விலங்கியலில். ஆனால் குன்றல் பகுப்பின் முதல் கட்டத்தில் ஒத்திசைவு குரோமோசோம்கள் (தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இணைகள்) பிரிவதுதான், ஒரு பண்புக்கான இரு காரணிகளும் பிரியும் என்று மெண்டல் கண்டதற்கு அடிப்படை. இரண்டு ஆசிரியர்களை வைத்திருப்பவர்கள் மரபியலை மட்டும் ஒருவரிடமே முழுமையாக ஒப்படைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளை அதை மூன்று தனித்தனிப் பாடங்களாகவே படித்து முடிக்கும்.

கட்டணம் பற்றிச் சுருக்கமாக: மாதத் தொடக்கத்தில் கொடுத்துவிடுங்கள். தேர்வு முடிந்து மொத்தமாகத் தருகிறோம் என்று சொன்ன வீடுகளில் நான் பட்டது போதும்.

சூரமங்கலத்திலிருந்து ஒரு வாசகர்

நாங்கள் வீட்டு ஆசிரியரை நாடாமல், பெயர் சொல்ல விரும்பாத ஒரு பயிற்சி மையத்தில் ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினோம். சேர்க்கையின்போது யாரைக் காட்டினார்களோ அந்த உயிரியல் ஆசிரியர் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே விலகிவிட்டார்; பிறகு வந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ரசீதின் பின்புறம் அச்சிட்டிருந்த வரியைக் காட்டினார்கள்.

மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் பயிற்சி மையங்களுக்கென வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில், இடையில் விலகும் மாணவருக்கு மீதமுள்ள காலத்துக்குரிய கட்டணத்தைப் பத்து நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கிறது. 16 வயது நிரம்பாதவர்களைச் சேர்க்கக் கூடாது, பட்டப்படிப்பு இல்லாதவரைப் பாடம் நடத்தவிடக் கூடாது என்பனவும் அதில் உள்ளன. அது மாநிலங்கள் பின்பற்றுவதற்காக அனுப்பப்பட்ட நெறிமுறையே தவிரச் சட்டம் அல்ல. இருந்தாலும் அதைக் குறிப்பிட்டு எழுத்துபூர்வமாக ஒரு கடிதம் கொடுத்தபின், இழுத்தடித்து ஒரு பகுதியைத் திருப்பித் தந்தார்கள். முழு ஆண்டுக்கும் ஒரேயடியாகப் பணம் கட்டாதீர்கள். தவணைக்குச் சம்மதிக்காத இடம் என்றால் வேறு இடம் பாருங்கள்.

பள்ளி ஆசிரியரையே தனியாகப் பாடம் எடுக்கச் சொல்லலாமே என்று உறவினர்கள் எங்களுக்கு யோசனை சொன்னார்கள். கட்டாயக் கல்விச் சட்டம் 2009இன் 28ஆவது பிரிவு, ஆசிரியர்கள் தனிப்பயிற்சி எடுப்பதைத் தடை செய்கிறது. அது எட்டாம் வகுப்பு வரைக்கான சட்டம்தானே என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் வகுப்பில் மதிப்பெண் போடுகிறவரே மாலையில் கட்டணம் வாங்கினால் மற்றப் பிள்ளைகளின் நிலை என்ன என்று எண்ணி, நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

ஏற்காட்டுத் தந்தை

அழகாபுரம் ஆசிரியை அவர்களுக்கு: மரபியலை ஒருவரிடமே ஒப்படைக்கச் சொன்னீர்கள். எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர் தாவரவியல்காரர். மெண்டல் வரை அருமையாக முடித்துவிட்டார், டி.என்.ஏ. பகுதிக்கு வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளும்படி அவரே சொல்கிறார். மகன் சனிக்கிழமை எப்படியும் கீழே வருகிறான். மதியத்துக்கு மேல் அழகாபுரம் வரை அனுப்பினால், அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் தாங்கள் நேரம் ஒதுக்க இயலுமா?

அழகாபுரம் ஆசிரியை

அரையாண்டுத் தேர்வு முடியும்வரை சனிக்கிழமைகளில் எனக்கு இடமில்லை ஐயா. விடுமுறையில் அனுப்புங்கள், தொடர்ந்து நான்கைந்து நாட்களில் முடித்துவிடலாம். மாலைப் பேருந்துக்கு முன்பே விட்டுவிடுகிறேன். வரும்போது அவன் குன்றல் பகுப்பின் நிலைகளைப் புத்தகம் பார்க்காமல் வரைந்த தாளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிழையாக இருந்தாலும் பரவாயில்லை, அழித்துத் திருத்தாமல் அப்படியே கொண்டுவரட்டும்.