ரிகர்வ் வில்லுக்கு ஒரு கணக்கு, காம்பவுண்ட் வில்லுக்கு வேறொரு கணக்கு ஏன்?

கேள்வி

2023-இல் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியின் வில்வித்தை இறுதி ஆட்டங்களை இந்த வாரம் வரிசையாகப் பார்த்து வருகிறேன். ஆடவர் காம்பவுண்ட் (முனைகளில் கப்பிகள் கொண்ட வில்) அணிப் பிரிவில் இந்தியா தென் கொரியாவை 235–230 என்று வென்றது எளிதில் புரிந்தது. ஆடவர் ரிகர்வ் (முனைகள் முன்னோக்கி வளைந்த, கப்பிகள் இல்லாத வில்) அணிப் பிரிவிலோ, அதே தென் கொரியாவிடம் 1–5 என்று தோற்று இந்தியா வெள்ளி பெற்றது. இரண்டிலும் அம்பெய்து புள்ளி சேர்ப்பதுதானே ஆட்டம்? மொத்தத்தில் குறைந்த புள்ளி எடுத்தவரும் ரிகர்வ் பிரிவில் வெல்லக்கூடும் என்று கேள்விப்பட்டேன். அது நியாயமா என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

முதல் பதில்

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். ரிகர்வ் தனிநபர் ஆட்டம் செட்களாகப் பிரிக்கப்படுகிறது. 70 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கை நோக்கி ஒரு செட்டில் ஒவ்வொருவரும் மூன்று அம்புகள் எய்வார்கள். அந்தச் செட்டில் அதிகம் எடுத்தவருக்கு 2 செட் புள்ளிகள், சமமானால் இருவருக்கும் ஒவ்வொன்று. முதலில் 6 செட் புள்ளிகளை எட்டுபவர் வென்றவர். அணி ஆட்டத்தில் மூவரும் சேர்ந்து செட்டுக்கு ஆறு அம்புகள் எய்வார்கள், அங்கே 5 செட் புள்ளிகள் போதும். நீங்கள் பார்த்த 5 அதுதான்.

இருவர் மோதும் ஓர் ஆட்டத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதலாமவர் 28–27 என்று முதல் செட்டை வென்று, இரண்டாவதில் ஓர் அம்பு விலகிப்போனதால் 24–29 என்று இழந்து, அடுத்த இரண்டையும் 29–28, 28–27 என்று கைப்பற்றுகிறார். செட் கணக்கில் அவர் 6–2 என்று வென்றுவிட்டார். அம்புகளைக் கூட்டினால் அவருக்கு 109, தோற்றவருக்கு 111. ஐந்து புள்ளி சறுக்கினாலும் ஒரு புள்ளி சறுக்கினாலும் இழப்பது ஒரே ஒரு செட்தான் என்பதே இம்முறையின் உட்பொருள்.

காம்பவுண்டில் இந்த மன்னிப்பு கிடையாது. தனிநபர் ஆட்டத்தில் 50 மீட்டர் தொலைவில் ஒவ்வொருவரும் 15 அம்புகள் எய்து, 150-க்கு எவ்வளவு என்பதே கணக்கு. ஹாங்சோவில் இந்தியாவின் ஜோதி சுரேகா வெண்ணம் தென் கொரியாவின் சோ சேவோனை 149–145 என்று வென்றபோது, பதினைந்தில் பதினான்கு அம்புகள் பத்தில் பாய்ந்தன. ஓஜஸ் தேவ்தலேயும் சக இந்தியர் அபிஷேக் வர்மாவை 149–147 என்றே வென்றார். கலப்பு அணி இறுதியில் தென் கொரியா 160-க்கு 158 எடுத்தும் தங்கம் கிடைக்கவில்லை, ஏனெனில் இந்தியா 159 எடுத்திருந்தது. அந்த ஆட்டத்தை இன்று நினைத்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இரண்டாம் பதில்

காரணத்தை வில்லிலேயே தேட வேண்டும். காம்பவுண்ட் வில்லின் இரு முனைகளிலும் கப்பிகள் இருப்பதால், நாணை முழுவதும் இழுத்த நிலையில் கை தாங்கும் பாரம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. குறிபார்ப்பானில் உருப்பெருக்கிக் கண்ணாடி உண்டு, நாணை விடுவிப்பதற்கும் தனிக் கருவி உண்டு. ரிகர்வ் வீரரோ முழுப் பாரத்தையும் விரல்களில் தாங்கியபடி, உருப்பெருக்கி இன்றிக் குறிபார்த்து, விரல்களைத் தளர்த்தியே அம்பை விட வேண்டும். காம்பவுண்டில் மூன்று அம்புகளில் இருவருமே 30 எடுப்பது அடிக்கடி நிகழ்வதால், செட் முறையை அங்கே கொண்டுவந்தால் சமநிலைகளே மலிந்துவிடும் என்பது என் கருத்து.

நியாயமா என்று கேட்டிருந்தீர்கள். நான் சில ஆண்டுகளாக ரிகர்வ் எய்து வருபவன். ஒரு மோசமான செட்டால் எதிராளியைவிட அதிகம் எடுத்தும் தோற்றிருக்கிறேன். அன்று மிகவும் வலித்தது, ஆயினும் இம்முறையை நான் குறைசொல்ல மாட்டேன். தகுதியை அளப்பதற்கு 72 அம்புகள் கொண்ட தரவரிசைச் சுற்று இருக்கிறது, அங்கே மொத்தப் புள்ளிதான் பேசும். அதன்பின் வரும் நேருக்கு நேர் ஆட்டம் நெஞ்சுறுதியின் சோதனை. மேலும், 2016 ரியோ ஒலிம்பிக்கில் அணிப் பிரிவுக்கும் செட் முறை வந்த பிறகும் கொரிய மகளிர் அணி தங்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஹாங்சோவிலும் கொரியாவின் லிம் சி-ஹியோன் ரிகர்வ் பிரிவில் தனிநபர், மகளிர் அணி, கலப்பு அணி மூன்றிலும் தங்கம் வென்றார்.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐந்து செட்கள் முடிந்தும் 5–5 என்று நின்றால்?

முதல் பதில் எழுதியவர்

ஆளுக்கோர் அம்பு எய்வார்கள், அதிகப் புள்ளி எடுத்தவர் வென்றவர். அதுவும் சமமானால், மையத்துக்கு நெருக்கமாகப் பாய்ந்த அம்பு எதுவென்று அளப்பார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஆடவர் இறுதியில் தென் கொரியாவின் கிம் வூ-ஜின், அமெரிக்காவின் பிரேடி எலிசன் இருவருமே அந்தக் கடைசி அம்பில் பத்து எடுத்தார்கள். 5 மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசத்தில் கிம் தங்கம் வென்றார். காம்பவுண்டிலும் மொத்தம் சமமானால் இதே ஓரம்பு முறைதான்.