குஞ்சு பொரிக்க வைக்குமுன் கோழிகளைத் தயார்செய்வது: நம் ஊருக்கு எந்த மாதம், என்ன முறை?

கேள்வி: ஜாலான்காயு_தோட்டம்

வணக்கம். சிங்கப்பூரில் தரைவீடு. ஒரு சேவல், ஆறு பெட்டைகள், எல்லாம் கம்பத்துக் கோழி, அதாவது நாட்டுக்கோழி. படிக்கக் கிடைக்கும் குறிப்புகள் எல்லாம் "வசந்தத்துக்கு ஆறு வாரம் முன்பே தொடங்கு, விளக்கைக் கூட்டு" என்றே சொல்கின்றன. நமக்கு ஏது வசந்தம்? எந்த மாதத்தில் முட்டை சேர்க்கலாம், அதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும்?

இன்னொன்று. விசிறி வைத்த இன்குபேட்டரில் சென்ற முறை பாதிக்கு மேல் பொரியவில்லை. ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தபோது சிலவற்றில் சிவப்பு வளையம் தெரிந்தது. கடைசியில் உடைத்துப் பார்த்தால், முழுதாக வளர்ந்த குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே இறந்திருந்தன. சேவலை மாற்ற வேண்டுமா?

பதில் 1: கொண்டைப்பூ

முதலில் சட்டம். வீவக வீட்டில் (அரசாங்க அடுக்குமாடி வீடு) கோழி கூடாது. தரைவீட்டில் சொந்தத்துக்கு 10 வரைதான், அதுவும் காட்டுப் பறவைகள் நுழைய முடியாத வலைக் கூண்டுக்குள். உங்களிடம் ஏழு இருக்கின்றன. குஞ்சுகளையும் சேர்த்தே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சுபவை யாரிடம் போகும் என்று முடிவுசெய்த பிறகு முட்டை வையுங்கள்.

குளிர்நாடுகளில் குளிர்காலப் பகல் எட்டு ஒன்பது மணி நேரமாகச் சுருங்கும், கோழி முட்டையை நிறுத்திவிடும். வசந்தத்தில் பகல் நீளும்போது மீண்டும் தொடங்கும். அவர்கள் நாள்காட்டியின் அடிப்படை அதுதான். இங்கே ஆண்டு முழுக்கப் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம், கூடுதல் குறைவு பத்து நிமிடத்துக்குள். ஆகவே நாம் பார்க்க வேண்டியது மழையைத்தான். டிசம்பர், ஜனவரி அடைமழையில் தரைப்படுகை காயாது, குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் சுலபமாக வரும். ஜனவரிக் கடைசியில் முட்டை சேர்த்து, பிப்ரவரிக் கடைசியில் பொரியும்படி வைத்தால், முதல் சில வாரங்கள் ஓரளவு காய்ந்த பருவத்தில் கழியும். அப்படியானால் டிசம்பர் நடுவிலேயே தாய்க்கோழிகளைக் கவனிக்கத் தொடங்க வேண்டும்.

விளக்கு கட்டாயமில்லை. முட்டை குறைவாக இருந்தால் இரவு 7 முதல் 9 வரை டைமரில் ஒரு சின்ன பல்பு போதும், 14 மணி நேரம் ஆகிவிடும். பொதுவாக விடியலில் கூட்டச் சொல்வார்கள். இங்கே அப்படிச் செய்தால் சேவல் ஐந்து மணிக்கே கூவும், பக்கத்து வீட்டார் தூக்கம் போகும். 18 வாரம் நிரம்பாத விடைக்கோழிகள் கூட இருந்தால் விளக்கே வேண்டாம்.

தீவனத்தை ஆறு வாரம் முன்பே மாற்றுங்கள். சேவலின் விந்து முதிர இரண்டு வாரம் ஆகும், மஞ்சள்கரு திரள ஏறக்குறைய பத்து நாள். கடைசி நேரத்தில் சத்து கொடுத்துப் பயனில்லை. புரதம் 16 முதல் 18 விழுக்காடு இருக்கட்டும். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3.5 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும், சேவலுக்கு அது தேவையில்லை. சுண்ணாம்பு குறைந்த தீவனத்தைப் பொதுவாக வைத்து, கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். பெட்டை தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். வைட்டமின் பி2 குறைந்தால் கருவிலேயே சாகும், பொரிந்தாலும் கால்விரல் உள்பக்கம் சுருண்டிருக்கும். நம் ஈரப்பதத்தில் பிரித்த தீவன மூட்டை சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், வைட்டமினும் போய்விடும். மூன்று நான்கு வாரத்தில் தீரும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள்.

குடற்புழு மருந்தை இப்போதே முடித்துவிடுங்கள். அளவை எடை பார்த்துக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். இறகு உதிர்த்துப் புது இறகு முளைக்கும் கோழிக்கு ஃபென்பெண்டசோல் கொடுக்க வேண்டாம், இறகு கோணலாக வளரும்.

பதில் 2: செம்பவாங் அக்கா

கொண்டைப்பூ விட்டதைச் சொல்கிறேன் தம்பி. செள் பாருங்கள். பகலில் பின்துவாரத்தைச் சுற்றி இறகைப் பிரித்தால் கறுப்பு அழுக்குப் போல ஒட்டியிருந்து நகரும், அது ஒரு வகை. இன்னொன்று பகலில் கோழி மேல் இருக்காது. இரவு பத்து மணிக்கு டார்ச்சோடு போய், கோழி உட்காரும் கட்டையின் அடிப்பக்கத்தையும் இடுக்குகளையும் வெள்ளைக் காகிதத்தால் துடைத்தால் ரத்தக் கோடு விழும். மருந்துத் தூள் போட்டபின் ஏழாம் நாள் மறுபடியும் போட வேண்டும், முதல் தடவை செள்முட்டையாக இருந்தவை அதற்குள் பொரிந்திருக்கும்.

சேவலின் முள்ளையும் நகத்தையும் அரத்தால் மழுக்குங்கள். ஆறு பெட்டைக்கு ஒரு சேவல் என்றால் மிதி அதிகம். தனக்குப் பிடித்த இரண்டு பெட்டைகளையே மிதித்து முதுகை மொட்டையாக்கிவிடும். சேவலைத் தனியே வைத்து, வாரத்தில் மூன்று நாள் மாலை நான்கு மணிக்கு மேல் விட்டால் போதும். விந்து பெட்டையின் உடம்பில் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடிருக்கும். சேவலை மாற்றினால், புதுச் சேவலின் குஞ்சுதான் என்று உறுதியாகச் சொல்ல மூன்று வாரம் பொறுக்க வேண்டும்.

நண்பகல் சூட்டில் சேவல் வாய் பிளந்து மூச்சு வாங்கினால் விந்தின் தரம் குறையும். நிழல், மின்விசிறி, குளிர்ந்த தண்ணீர் வேண்டும். தண்ணீர்த் தட்டைத் தினமும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு மட்டுமல்ல, கோழியம்மையும் கொசுவால்தான் பரவும்.

பதில் 3: அடைப்பெட்டி

சேவலை மாற்ற வேண்டாம். சிவப்பு வளையம் என்றால் கரு பிடித்து, வளரத் தொடங்கி, பிறகு செத்திருக்கிறது. சேவல் தன் வேலையைச் செய்துவிட்டது. சந்தேகம் இருந்தால் சமையலுக்கு உடைக்கும் முட்டைகளின் மஞ்சள்கருவைப் பாருங்கள். மங்கலான வட்டமும் அதைச் சுற்றி வெள்ளை வளையமுமாக 4 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் கருவுற்றது. சின்ன, அடர்த்தியான வெள்ளைப் புள்ளி என்றால் கூமுட்டை.

சிக்கல் உங்களுக்கு இரண்டு இடத்தில்.

ஒன்று, முட்டையை வைத்திருந்த சூடு. சுமார் 21 டிகிரிக்கு மேல் போனால் கரு மெல்ல வளரத் தொடங்கும். நம் வீட்டுக்குள் 28, 29. ஒரு வாரம் மேசை மேல் இருந்தால் கரு அரைகுறையாக வளர்ந்து பலவீனமாகும், இன்குபேட்டருக்குப் போனதும் சாகும். நாளுக்கு மூன்று முறை எடுத்து 15 முதல் 18 டிகிரியில், கூர்முனை கீழே இருக்க, ஏழு நாளுக்குள் வையுங்கள். கழுவக் கூடாது.

இதில் நம் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. குளிர்ந்த முட்டையை வெளியே எடுத்த மறுநிமிடம் ஓடு முழுக்க வியர்க்கும். அந்த நீரோடு கிருமி நுண்துளை வழியாக உள்ளே போகும். மூடிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்தே குளிரூட்டுங்கள். எடுத்தபின் ஆறு மணி நேரம் மூடியைத் திறக்காமல், அறைச் சூட்டுக்கு வரவிட்டு, பிறகு திறங்கள்.

இரண்டாவது, தண்ணீர்த் தொட்டி. இன்குபேட்டர் கையேடு முதல் நாளே ஊற்றச் சொல்லும். இங்கே ஊற்றக் கூடாது. 28 டிகிரி, 80 விழுக்காடு ஈரமுள்ள காற்று 37.5 டிகிரிக்குச் சூடானதும் தானாகவே 47 விழுக்காடு ஆகிவிடும். முதல் 18 நாளுக்கு நமக்கு வேண்டியதே 45 முதல் 50தான். தொட்டியும் நிறைந்திருந்தால் முட்டையின் நீர் வற்றாது, முட்டையின் அகலமுனையில் உள்ள காற்றறை சிறியதாகவே இருக்கும், குஞ்சு கடைசி நேரத்தில் மூச்சுக்கு வழியின்றித் திணறிச் சாகும். நீங்கள் உடைத்துப் பார்த்தது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

நிறுத்துப் பாருங்கள்: 55 கிராம் முட்டை 18ஆம் நாள் ஏறத்தாழ 48.5 கிராமுக்கு இறங்கியிருக்க வேண்டும். அன்றே புரட்டுவதை நிறுத்தி, ஈர ஸ்பாஞ்ச் வைத்து ஈரப்பதத்தை 65, 70க்கு ஏற்றுங்கள். பிறகு பொரியும்வரை மூடியைத் திறக்காதீர்கள்.

ஈரமானியை நம்புமுன், நனைத்த உப்போடு இறுக மூடிய பையில் ஒரு இரவு வையுங்கள். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் ஐந்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஜாலான்காயு_தோட்டம்

மிக்க நன்றி அண்ணே. தொட்டியை முதல் நாளிலிருந்தே நிரப்பித்தான் வைத்திருந்தேன். 16 டிகிரிக்கு என்ன செய்வது? சாதாரண ஃபிரிட்ஜ் ஆகுமா? இன்குபேட்டரை ஏர்கான் அறையில் வைக்கலாமா?

அடைப்பெட்டி

ஃபிரிட்ஜ் 4 டிகிரி, கருவுக்குக் கேடு. வைன் வைக்கும் சின்னக் குளிர்ப்பெட்டி இருந்தால் 16இல் நிற்கும். இல்லையென்றால் தெர்மோக்கோல் பெட்டியில் துணி சுற்றிய ஐஸ் பேக், உள்ளே ஒரு வெப்பமானி, காலை மாலை ஐஸ் மாற்றுங்கள். அதுவும் முடியாவிட்டால் சேர்க்காமல் மூன்று நாள் முட்டையோடு அடை வைத்துவிடுங்கள்.

ஏர்கான் அறை வேண்டாம். அங்கே 25 டிகிரி, 60 விழுக்காடு என்றால் இன்குபேட்டருக்குள் ஈரப்பதம் 30க்கு இறங்கும், அப்போது தண்ணீர் ஊற்றித்தான் ஆக வேண்டும். ஏர்கானை அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் ஈரம் ஏறி இறங்கும்.

செம்பவாங் அக்கா

அடைக்கோழியின் கீழ் வைப்பதானால் எட்டு முட்டை போதும், இருட்டிய பிறகு வையுங்கள். ஓடு கீறும் நாளில் எறும்பு வரும். குஞ்சு மூக்கு நீட்டிய துளை வழியாகவே புகுந்து கடித்துக் கொன்றுவிடும். பெட்டியின் நான்கு காலிலும் கிரீஸ் தடவி, சுவரைத் தொடாமல் தள்ளி வையுங்கள்.