வேலைய விட்டுட்டு மன்னார்குடில மோட்டார் காயில் கட்டுற கடை போடலாமா?

பாமணிக்கரை:
அண்ணன்மாரே, கோயம்புத்தூர்ல ஒரு பம்பு கம்பெனில சர்வீஸ்ல இருக்கேன். சம்பளம் 19 ஆயிரம், பிஎஃப் ஈஎஸ்ஐ உண்டு, ஒன்பது வருஷம் ஆகப்போவுது. ஊருக்கு வந்து சொந்தமா ரீவைண்டிங் கடை போடலாம்னு ஆசை. அப்பா வேணவே வேணாங்குறாரு. நீங்க சொல்லுங்க.

வலங்கை அண்ணன்:
தாராளமா வா தம்பி. நம்ம பக்கம் வேலைக்கா பஞ்சம்? 2024ல மேட்டூர் அணை ஜூன் 12க்கு தொறக்கல, ஜூலை 28 ஆயிடுச்சு, குறுவை போட்டவன்லாம் போர் தண்ணிய நம்பி ராத்திரி பகலா மோட்டார ஓட்டுனான், ஒரு ஃபேஸ் போனாலோ வோல்டேஜ் கொறஞ்சாலோ காயில் காலி. நடவு நேரத்துல எவனும் பேரம் பேச மாட்டான், இன்னிக்கே கட்டிக் குடுன்னு நிப்பான். அங்க எவனுக்கோ ஒழைக்கிறத இங்க உனக்கு ஒழை.

டெல்டாகாரன்:
அண்ணே நீங்க பாதிய தான் சொல்றீங்க. தண்ணி நேரத்துக்கு வந்துட்டா? 2022ல மே 24கே தொறந்துட்டாங்க, அந்த மாதிரி வருஷம் போர் மோட்டாருக்கு வேலை கம்மி, ஆனா கடை வாடகை கொறையுமா. அதோட அவசரத்துக்கு வர்றவன் பேரம் பேச மாட்டான் சரி, காசு எப்ப தருவான்? "அறுப்பு முடியட்டும் தம்பி"ம்பான். அறுத்து, கொள்முதல் நிலையத்துல மூட்டை எடை போட்டு, பேங்க்ல பணம் ஏறி, நகைய மீட்டு, அதுக்கப்பறம் தான் உன் ஞாபகம் வரும். காப்பர் ஒயர் கடைக்காரன் அதுவரைக்கும் சும்மா இருப்பானா?

வலங்கை அண்ணன்:
ஆளு பாத்து கடன் குடுக்கணும், அது தொழில் தெரிஞ்சவனுக்கு தெரியும். லோனுக்கு பி.எம்.இ.ஜி.பி.ன்னு புதுசா தொழில் தொடங்குறவங்களுக்கு மத்திய அரசு மானியக் கடன் திட்டம் இருக்கு, மாவட்ட தொழில் மையத்துல கேளு, கிராமப்புறம்னா பொதுப்பிரிவுக்கு 25, பிசி, எஸ்சி, பெண்கள் இவங்களுக்கெல்லாம் 35 சதவீதம் மானியம்.

குடந்தை அக்கா:
மானியம்னா கைல குடுத்துடுவாங்கன்னு தம்பி நெனச்சுட போவுது. அது பேங்க்லயே மூணு வருஷம் டெபாசிட்டா கெடக்கும், அப்பறம் தான் லோன்ல கழிப்பாங்க. நடுவுல கடைய மூடுனா மானியமும் சிக்கல். எங்க வீட்டுக்காரரும் வொர்க்‌ஷாப் தான் வச்சிருக்காரு, கணக்கு நோட்டு என் கைல. வேலை நல்லாத்தான் போவுது, ஆனா கடன் வசூலிக்க போறது நான், ஊர்ல பாதிப் பேரு சொந்தக்காரங்க, கேட்டா மொகம் சுண்டிப் போவுது, கேக்காட்டி நம்ம அடுப்பு எரியாது. இதுக்கெல்லாம் சம்பளம் கெடையாது தம்பி, உன் சம்சாரத்துகிட்ட கேட்டியா?

டெல்டாகாரன்:
அக்கா சொன்னது தான் விஷயம். இன்னொன்னு, பத்து வருஷம் சர்வீஸ் முடிஞ்சா தான் பிஎஃப்ல மாச பென்ஷன், நீ ஒன்பதுல நிக்கிற. ஒரு வருஷம் பல்ல கடிச்சிட்டு இருக்க முடியாதா? ஈஎஸ்ஐயும் போயிடும், அப்பா அம்மாவுக்கு ஆஸ்பத்திரி செலவுன்னா இனி உன் பாக்கெட் தான்.

வலங்கை அண்ணன்:
பென்ஷன் பென்ஷன்னு பயந்தே ஒரு தலைமுறை திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போயிடுச்சு. அந்த பென்ஷன் என்ன பெரிய தொகையா, வாங்குறவங்கள கேட்டுப் பாரு. சரி, பத்து வருஷம் முடிக்கிறதுல தப்பில்ல, அத ஒத்துக்கிறேன். ஆனா அதுவே சாக்காயி பதினஞ்சு வருஷம் ஓடிடும் டெல்டா, நான் எத்தனை பேர பாத்துட்டேன்.

பாமணிக்கரை:
சம்சாரத்துகிட்ட இன்னும் சொல்லல அக்கா 😅 பத்து வருஷத்த முடிச்சிடறேன்னு வச்சுக்குவோம். அதுக்குள்ள ஆடி லீவுல வந்து தெரிஞ்சவரு கடைல உக்காந்து பாக்குறேன். நீடாமங்கலம் ரோட்ல கடை வாடகை என்ன போவுது?

வலங்கை அண்ணன்:
தனியா மெசேஜ் போடு, விசாரிச்சு சொல்றேன்.

குடந்தை அக்கா:
மொதல்ல வீட்ல சொல்லு.