லெப்பர்ட்ஸ்டவுன் வார இறுதி: முல்லின்ஸை நம்பி மூன்றையும் கோர்க்கலாமா?

சேணம்:
அயர்லாந்தின் தடை தாண்டும் குதிரைப் பந்தய விழா, டப்ளின் ரேசிங் ஃபெஸ்டிவல், நெருங்கிவிட்டது. பிப்ரவரி தொடக்கம், லெப்பர்ட்ஸ்டவுன் களம், சனியும் ஞாயிறும் சேர்த்து உச்சத் தரமான கிரேடு 1 ரேஸ் எட்டு. இந்த முறை மண்டையைப் போட்டுக் குழப்பிக்கொள்ளப் போவதில்லை. பயிற்சியாளர் வில்லி முல்லின்ஸ் லாயத்து ஃபேவரிட்டுகளில் மூன்றை எடுத்து ஒரே சீட்டில் ட்ரெபிளாகக் கோர்க்கிறேன், மூன்றும் ஜெயித்தால்தான் காசு. 2024 ஞாபகம் இருக்கிறதா? எட்டு கிரேடு 1, எட்டும் முல்லின்ஸ். அவருடைய கலோப்பின் டெ ஷாம் ஐரிஷ் கோல்ட் கப்பை 2023, 2024, 2025 என்று வரிசையாகத் தூக்கியது. தாழ்ந்த தடைகள் தாண்டும் ஐரிஷ் சாம்பியன் ஹர்டிலில் ஸ்டேட் மேனும் அதே மூன்று வருடம். இப்படி ஒரு லாயத்தை எதிர்த்துக் காசு வைப்பவர் என்ன நினைத்து வைக்கிறார் என்று எனக்குப் புரிவதே இல்லை. ஆட்சேபணை உள்ளவர்கள் வரலாம்.

கணக்குப்பிள்ளை:
வந்துவிட்டேன்.

எட்டும் முல்லின்ஸ் என்பது சரி. எந்த முல்லின்ஸ் குதிரை? அவர் ஒரே ரேசில் மூன்று நாலு குதிரை இறக்குகிற ஆள். 2024 ஐரிஷ் ஆர்க்கிளில் ஊரே மரீன் நேஷனல் பின்னால் நின்றது. அது பாரி கானலின் குதிரை. ஜெயித்தது முல்லின்ஸின் இல் எத்தே தோம். "எப்படியும் முல்லின்ஸ்தான்" என்று பேசிவிட்டு வேறு குதிரையின் மேல் காசு வைத்திருந்தவர்கள் எத்தனை பேரோ.

அடுத்தது ட்ரெபிள். ஐந்து குதிரை ஓடும் ஒரு ரேஸ், விலைகள் 4/6, 7/2, 6/1, 14/1, 25/1 என்று வைத்துக்கொள்வோம். 4/6 என்றால் 6 யூரோ வைத்தால் 4 லாபம், மொத்தம் 10 திரும்பும், பத்துக்கு ஆறு, அதாவது ஜெயிக்க 60 சதவீத வாய்ப்பு என்று பந்தயம் வாங்கும் புக்கி சொல்கிறார். மற்றவற்றையும் இப்படியே மாற்றிக் கூட்டுங்கள், 107 வரும். 100க்கு மேலே நிற்கும் அந்த 7 புக்கியின் கூலி. அதைச் சமமாகக் கழித்தால் உங்கள் ஃபேவரிட்டின் நிஜ வாய்ப்பு 56. தனியாக அதன் மேல் 10 யூரோ வைத்தால் உங்கள் சீட்டின் மதிப்பு, அதாவது சராசரியாகத் திரும்புவது, சுமார் 9.35. இப்படி மூன்றைக் கோர்த்தால் வென்றால் 46 யூரோ சொச்சம் கைக்கு வரும், சரிதான். ஆனால் மூன்றும் வெல்ல வாய்ப்பு 17, 18 சதவீதம்தான். அந்த 10 யூரோ சீட்டின் மதிப்பு 8 யூரோ 16 சென்ட். புக்கிக்கு மூன்று தடவை கூலி கொடுக்கிறீர்கள், அதுவும் சிரித்துக்கொண்டே.

சேணம்:
கணக்கு அழகாக இருக்கிறது பிள்ளை. ஆனால் "சமமாகக் கழித்தால்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்களே, அங்கேதான் இடிக்கிறது. புக்கி அந்த 7ஐச் சமமாகப் பங்கிடுவதில்லை. 14/1, 25/1 குதிரைகளின் தலையில்தான் அதிகம் கட்டுவார், ஏனென்றால் அதிசயத்துக்கு ஆசைப்படுகிற கூட்டம் அங்கேதான் இருக்கிறது. ஃபேவரிட் விலை ஓரளவு நியாயமாகவே இருக்கும். பல நாட்டுப் பந்தயங்களை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம் இது. என் ஃபேவரிட்டின் நிஜ வாய்ப்பு 59 என்று போட்டுப் பாருங்கள், உங்கள் 8.16 எங்கே போகிறது என்று தெரியும்.

எந்த முல்லின்ஸ் குதிரை என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. பால் டவுனெண்ட் எதில் ஏறுகிறார் என்று பாருங்கள். லாயத்தின் முதல் ஜாக்கி அவர். காலையில் எல்லாக் குதிரையையும் ஓட்டிப் பார்க்கிற மனிதர் தேர்ந்தெடுத்ததை நாம் ஏன் மறுபடியும் தேர்ந்தெடுக்க வேண்டும்?

ஈரத்தரை:
டவுனெண்ட் விஷயத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது சேணம் அண்ணா. பெரிய குதிரை உரிமையாளர் ஜே.பி. மக்மானஸின் குதிரைகளுக்கு அவரே தனி ஜாக்கி வைத்திருக்கிறார், மார்க் வால்ஷ். அந்தக் குதிரை முல்லின்ஸ் லாயத்தில் இருந்தாலும் பச்சை, தங்க நிற உடையில் வால்ஷ்தான் ஏறுவார். அதனால் டவுனெண்ட் அதில் ஏறவில்லை என்பதற்கு அர்த்தமே கிடையாது. அவருக்கு அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லை. ஃபேக்ட் டு ஃபைல் அப்படிப்பட்ட குதிரைதான்.

பேச்சு வந்ததால் அந்தக் குதிரையையே எடுத்துக்கொள்வோம், ஒரு போட்டியாளரை எப்படி எடை போடுவது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2024 நவம்பரில் பஞ்சஸ்டவுனில் ஜான் டர்கன் சேஸ் (சேஸ் என்றால் உயரமான தடைகள்), சுமார் இரண்டரை மைல். கலோப்பின் டெ ஷாம் அதில் மூன்றாவது, ஃபேக்ட் டு ஃபைல் முதலாவது. உடனே "ராஜா மாறிவிட்டார்" என்று எழுதினார்கள். கிறிஸ்துமஸுக்கு லெப்பர்ட்ஸ்டவுனில் மூன்று மைல், பிப்ரவரியில் மறுபடியும் அங்கேயே மூன்று மைல் ஐரிஷ் கோல்ட் கப். இரண்டிலும் கலோப்பின் டெ ஷாம் முன்னால் போய் வேகத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டது, மற்றதால் நெருங்கவே முடியவில்லை. மார்ச்சில் இங்கிலாந்தின் செல்டன்ஹாமில் மறுபடி இரண்டரை மைல் பக்கம் ரயனேர் சேஸ், ஃபேக்ட் டு ஃபைல் ஒன்பது லெங்த் (குதிரை நீளம்) வித்தியாசத்தில் ஜெயித்தது. நாலு ரேசையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் எந்தக் குதிரை "நல்ல குதிரை" என்ற கேள்விக்கே வேலையில்லை. எந்தத் தூரம், எந்தக் களம், யார் முன்னால் போவார் என்றுதான் கேட்க வேண்டும்.

சேணம்:
தூரம்தான் காரணம் என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது தம்பி. நவம்பரில் கலோப்பின் டெ ஷாமுக்கு அது சீசனின் முதல் ஓட்டம். முதல் ஓட்டத்தில் அது பாதி விழித்துக்கொண்டுதான் வரும்.

ஈரத்தரை:
அதுவும் உண்மை. அப்படியென்றால் உங்கள் ட்ரெபிளில் சீசனின் முதல் ஓட்டத்துக்கு வரும் குதிரை இருந்தால் முதலில் அதை எடுங்கள்.

கிண்டிக்காரன்:
நான் சென்னையில் இருந்தபடி பார்க்கிறவன். கிண்டியில் புல் மேல் தடையில்லாமல் ஓடும் குதிரைகளையே பார்த்துப் பழகியவனுக்கு இந்தத் தடை தாண்டும் ரேஸ் வேறு உலகம். இதில் குதிரை விழும் தம்பிகளா. 2025 ஐரிஷ் சாம்பியன் ஹர்டிலில் லாசிமவுத் விழுந்தது, ஸ்டேட் மேன் ஜெயித்தது. லாசிமவுத்தும் முல்லின்ஸ்தான், அதைக் கோர்த்தவனுக்குச் சீட்டு அங்கேயே காலி. தரம், தூரம், ஜாக்கி எல்லாம் சரியாகப் பார்த்தவனும் ஒரு தப்பான தாவலில் போய்விடுவான். மூன்று ரேஸைக் கோர்ப்பவர் மூன்று ரேஸின் எல்லாத் தடைகளையும் சேர்த்து வாங்குகிறார்.

இன்னொன்று. குதிரைப் பந்தயம் திறமையின் விளையாட்டு என்று 1996இல் நம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, மெட்ராஸ் ரேஸ் கிளப் வழக்கில். அதை வைத்துக்கொண்டு என் நண்பர்கள் பலர் தங்களைத் திறமைசாலி என்று நினைத்துக்கொண்டார்கள்.

சும்மாபார்ப்பவன்:
எல்லாம் படித்தேன். கடைசியில் ஜெயிப்பது புக்கி. வேலையைப் பாருங்கள் ஐயாமார்களே.

கணக்குப்பிள்ளை:
பெரும்பாலும் ஆமாம். அதனால்தான் எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கிறோம்.

சேணம், 59 சதவீதம் என்றே வைத்துக்கொள்கிறேன். தனிச் சீட்டின் மதிப்பு 9.83, ட்ரெபிள் 9.5 பக்கம் வரும். உங்கள் வாதத்துக்கு அத்தனையும் விட்டுக்கொடுத்தாலும் கோர்ப்பது தனியாக வைப்பதைவிட மட்டம்தான். அப்புறம், நீங்கள் சொல்லும் ராஜ்ஜியத்தில் விழுந்த ஓட்டைகளையும் பாருங்கள். இந்த விழா தொடங்கிய 2018இல் ஐரிஷ் கோல்ட் கப் ஜெயித்தது எட்வுல்ஃப், 33/1. அதற்கு முந்தைய வருடம் செல்டன்ஹாமில் மயங்கி விழுந்து, பிழைக்குமா என்று பயந்த குதிரை அது. 2022இல் கன்ஃப்ளேட்டட், 18/1, கோர்டன் எலியட் லாயம். 2025 டப்ளின் சேஸில் ஜோசப் ஓ'பிரையனின் சோல்னஸ் முதல் தடையிலிருந்தே முன்னால் போய்த் திரும்பிப் பார்க்கவே இல்லை. அன்று அதன் பின்னால் இரண்டாவது வந்த மரீன் நேஷனல் அடுத்த மாதம் செல்டன்ஹாமில் சாம்பியன் சேஸ் ஜெயித்தது. இத்தனைக்கும் சோல்னஸ் கிறிஸ்துமஸுக்கும் இதே களத்தில் இதே மாதிரி முன்னால் ஓடி ஜெயித்திருந்தது. ஒளிந்திருந்த தகவல் ஒன்றுமில்லை. "அன்று ஏதோ நடந்துவிட்டது" என்று கூட்டம் ஒதுக்கிவிட்டது, அவ்வளவுதான்.

சேணம்:
எட்டு வருடத்தில் மூன்று பெயர் சொல்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
33/1 என்றால் முப்பத்து நாலில் ஒன்று வந்தாலே கட்டுப்படியாகிவிடும் சேணம்.

மலர்_டப்ளின்:
நான் சனிக்கிழமை நேரில் போகிறேன், லுவாஸ் டிராமின் பச்சை வழியில் சாண்டிஃபோர்ட் இறங்கி. எனக்கு உங்கள் சதவீதம் எல்லாம் வீட்டுப்பாடம். ரேசுக்கு முன் குதிரைகளைச் சுற்றி நடத்துகிற வளையத்தில் நிற்பேன். பிப்ரவரிக் குளிரில் ஒரு குதிரைக்குப் பின்னங்கால்களுக்கு நடுவே வெள்ளை நுரை தெரிந்தால், அல்லது ஒருவர் போதாமல் இருபக்கமும் ஆள் பிடித்து நடத்தினால், அது ரேசை அங்கேயே பாதி ஓடிவிட்டது. காதை முன்னால் வைத்துக்கொண்டு நீளமாக அடி எடுத்து வைத்து நடக்கிற குதிரைதான் எனக்கு வேண்டும். சில குதிரை எப்போதும் வியர்க்கும், அதனால் அதே குதிரையை முந்தைய ரேசில் பார்த்திருப்பது நல்லது. மூன்றையும் காலையிலேயே கோர்த்துவிட்டால் இதில் எதையும் பயன்படுத்த முடியாது, அதுதான் என் ஆட்சேபணை.

கிண்டிக்காரன் ஐயா, இங்கே வரி எவ்வளவு என்று முன்பு கேட்டிருந்தீர்கள். பந்தயத் தொகையில் 2 சதவீதம், 2019 முதல். அதைக் கட்ட வேண்டிய பொறுப்பு புக்கியுடையது. அதோடு 2024இல் வந்த சூதாட்ட ஒழுங்குமுறைச் சட்டம் கடன் அட்டையில் பந்தயம் கட்டுவதற்குத் தடை கொண்டுவருகிறது. வந்தவரை நல்லது.

ஈரத்தரை:
மலர் அக்கா சொன்னதோடு தரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி என்றால் சேறு என்று நினைத்து ஈரத்தில் ஓடும் குதிரைகளாகப் பொறுக்குவார்கள். லெப்பர்ட்ஸ்டவுன் சேஸ் களத்தில் தண்ணீர் வேகமாக வடிந்துவிடும். 2019இல் தரை காய்ந்துபோய் குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகின. ஐரிஷ் கோல்ட் கப்பில் மிஞ்சியது நாலே குதிரை, பெல்ஷில் தலை வித்தியாசம்கூட இல்லாமல் தப்பித்தது. முன்கூட்டியே வாரக்கணக்கில் கட்டியவர்களுக்கு, குதிரை ஓடாவிட்டால் காசு திரும்பும் என்ற நிபந்தனை இல்லையென்றால், எல்லாம் போச்சு. அன்று காலை கட்டியவருக்குக் காசு திரும்பும். ஆனால் விலகியது பெரிய குதிரை என்றால் மற்றதில் ஜெயித்தவரின் லாபத்தில் வெட்டு விழும்.

ஈச் வே, அதாவது பாதிக் காசை ஜெயிப்பதற்கும் பாதியை இடம் பிடிப்பதற்கும் கட்டுபவர்களுக்கும் இதே சிக்கல். எட்டு குதிரை ஓடினால் மூன்று இடத்துக்குக் காசு, ஐந்தில் ஒரு பங்கு விலையில். ஒன்று விலகி ஏழானால் இரண்டு இடம்தான். நாலு என்றால் ஜெயிப்பதற்கு மட்டும். அதனால் எட்டே எட்டு குதிரை அறிவித்த ரேசில் மூன்றாம் இடத்தை நம்பி யாரும் முந்தின இரவே கட்ட வேண்டாம். ஈச் வே ஆசை இருந்தால் பதினாறு அல்லது அதற்கு மேல் ஓடும் ஹேண்டிகேப்புக்கு (திறமைக்கேற்ப எடை ஏற்றி ஓடவிடும் ரேஸ்) போங்கள், அங்கே நாலு இடம், கால் பங்கு விலை. 12/1 குதிரை நாலாவதாக வந்தால்கூட 5 யூரோ ஈச் வேக்கு, மொத்தம் 10 போட்டவருக்கு, 20 திரும்பும்.

சேணம்:
சரி. முல்லின்ஸை விடமாட்டேன், அதில் மாற்றமில்லை. சனிக்கிழமை காலை தரை அறிக்கை பார்த்த பிறகு தனித்தனிச் சீட்டு, 4/6க்குக் கீழே விலை இறங்கினால் அந்த ரேசே வேண்டாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு குதிரையைக் கோர்த்து ஒரு சின்ன டபிள் போடுவேன், பிள்ளை திட்டினாலும் பரவாயில்லை.

கணக்குப்பிள்ளை:
எவ்வளவு சின்னது?

சேணம்:
இரண்டு யூரோ.

கணக்குப்பிள்ளை:
இரண்டு யூரோவுக்கு யார் திட்டப்போகிறார்கள். விலையை ரேசுக்கு முன்னாடியே இங்கே எழுதிவிடுங்கள், பிறகு "நான் அப்போதே சொன்னேன்" கூடாது.

கிண்டிக்காரன்:
அந்த ஞாயிறு ஹேண்டிகேப்பில் எடையில் ஏழு பவுண்டு சலுகை வாங்கும் பயிற்சி ஜாக்கி யாராவது ஏறினால் சொல்லுங்கப்பா. மேலே இருக்கிற எடை எனக்கு எப்போதும் முதல் கேள்வி.