புதுப்பிப்பு: கேமராவை விற்கவில்லை

ஆறு வருடமாகப் படமெடுத்தும் கைவரவில்லை, கேமராவை விற்றுவிடலாமா என்று சென்ற மாதம் இங்கே புலம்பியிருந்தேன். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகச் சொன்னார் ஒருவர். போனேன்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ்டவுன் குவீன் தெருவில், 1833இல் கட்டப்பட்ட மகாமாரியம்மன் கோயிலுக்கு எதிரே நின்றேன். ஓடும் ரிக்‌ஷாவைப் பிடிக்க வேண்டும் என்று ஓர் ஆசை. பினாங்கு ரிக்‌ஷாவில் பயணி முன்னால், மிதிப்பவர் பின்னால். இருவர் முகமும் ஒரே படத்தில் விழும். ஷட்டர் வேகத்தை 1/30 நொடிக்குக் குறைத்து, வண்டியின் வேகத்துக்கே உடம்பைத் திருப்பிக்கொண்டு அழுத்தினால் வண்டி தெளிவாக நிற்கும், தெரு கோடுகளாக இழுபடும். சொல்வது எளிது! இருநூற்றுச் சொச்சம் படங்களில் முக்கால்வாசி வெறும் கூழ்.

ஒன்றில் மட்டும் ரிக்‌ஷாக்காரரின் சிரிப்பு தப்பிப் பிழைத்திருந்தது. பூக்கடை அக்காவிடம் காட்டினேன். "எல்லாம் சரி தம்பி, கோயிலைக் காணோமே?" என்றார்.

திறமை வந்துவிட்டதா என்றால், இல்லை. மூன்றாம் வாரமே அந்தக் கேள்வி மறந்துபோயிருந்தது. விலை கேட்ட இருவரும் மன்னிக்கவும். மழை விட்டால் அடுத்த ஞாயிறு சியூ படகுத்துறை.