உப்புவெளியில் வீடு வாங்க விலை பேசுவதற்கு முன் எவற்றைச் சோதிக்க வேண்டும்?

கேள்வி:
திருகோணமலை உப்புவெளியில் கடற்கரைக்கு அண்மையில், முன்பக்கத்தில் கொங்கிறீட் தட்டும் பின்பக்கத்தில் ஓட்டுக் கூரையும் உள்ள பழைய வீடொன்று விற்பனைக்கு வந்துள்ளது. அண்மையில்தான் நிறம் பூசியிருக்கிறார்கள். உரிமையாளர் கனடாவில் இருப்பதால் அவருடைய உறவினரே விலை பேசுகிறார். விரைவில் முற்பணமும் கேட்கிறார். எங்கள் சேமிப்பு முழுவதும் இதற்கே போகும் என்பதால், தொகையைச் சொல்லும் முன் எவற்றைப் பார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் கூறுங்கள்.

பதில் 1:
தம்பி, நான் கட்டட வேலை செய்பவன். புதிய நிறத்தைக் கண்டால் முதலில் கொங்கிறீட் தட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கடற்காற்றின் உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும்போது, துருப்பிடித்த கம்பி பருத்துக் கொங்கிறீட்டை உள்ளிருந்தே வெடிக்க வைக்கும். மேலே எத்தனை முறை பூசினாலும் அது நிற்காது. சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் வெற்றொலி கேட்டால், அல்லது கம்பியின் போக்கிலேயே நேராக வெடிப்பு ஓடினால், திருத்தச் செலவு பெரிதாகும்.

சுவரில் தலைமயிர் போன்ற பூச்சு வெடிப்புக்குப் பயப்பட வேண்டாம். யன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, ஒரு முனையில் அகன்றிருக்கும் வெடிப்புத்தான் அத்திவாரம் இறங்கியதோ என்று ஐயப்பட வைப்பது. கூரை மரங்களைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே கறையான் தின்ற மரம் வெளிப்பார்வைக்கு நல்ல மரம் போலவே இருக்கும்.

பதில் 2:
வீட்டைவிட உறுதியே (காணியின் உரிமைப் பத்திரமே) எனக்கு முதன்மையாகத் தோன்றுகிறது. அந்தக் காணி உறுதிக் காணியா, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியா என்று கேளுங்கள். பின்னையதை அரச அனுமதியின்றிக் கைமாற்ற இயலாது. உறவினர் கையெழுத்திடுவதாயின் அற்றோணித் தத்துவம் (உரிமையாளருக்காகச் செயற்பட அவர் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) விற்கும் அதிகாரத்தைத் தெளிவாகத் தருகிறதா என்று உங்கள் நொத்தாரிசே (உறுதி எழுதுபவரே) பார்க்கட்டும், விற்பவருடைய நொத்தாரிசு அல்ல. உரிமையாளருடன் காணொளியில் நேரடியாகவும் பேசுங்கள், ஏனெனில் அவர் இறந்துவிட்டால் அந்தத் தத்துவமும் பொதுவாகச் செல்லாமற் போகும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்கிறார்கள். தை மாதத்தில் போய்ச் சுவைத்துப் பார்த்தாற் போதுமா?

பதில் 1:
போதாது. மாரி மழை முடிந்த கையோடு கடலோரக் கிணறு எதுவும் இனிக்கும். ஆவணி, புரட்டாதியில் எப்படியிருக்கும் என்று அயல் வீட்டு அக்காமாரிடம் கேளுங்கள். மலசலகூடக் குழி கிணற்றுக்கு எவ்வளவு அண்மையில் உள்ளது என்பதையும் அளந்துகொண்டு, அதன் பிறகு விலையைச் சொல்லுங்கள்.